இருபத்து மூன்றாம் கேள்வியின் பதில்

லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் பத்துத் திருகாணிகள் இருந்தன. ஒன்பது பளபளவென்று இருக்க, பத்தாவதில் மட்டும் ஒரு கீறல். பியூலா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். யாரோ திறந்திருக்கிறார்கள். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு வேறு எதையோ வைத்து மூடியிருக்கிறார்கள். பெட்டியைத் தன் கண்ணெதிரில்தான் பிரித்தார் கடைக்காரர் தணிகாசலம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் உறை அவ்வளவு சுலபமாகவா கிழியும், விரலை வைத்ததும் வாழைப்பழத் தோல் மாதிரி வந்துவிட்டதே. மவுண்ட் ரோட்டை ஒட்டிய இந்தச் சந்தில் காலை பத்து மணியிலிருந்து இது மூன்றாவது கடை. முதல் கடைக்காரன் அதிகம் சிரித்தான், அதனால் எழுந்து வந்துவிட்டாள். இரண்டாவது கடையில் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார்கள், ஏன் கேட்க வேண்டும், வேலையைப் பொறுத்தா விலை? இந்தத் தணிகாசலம் சிரிக்கவும் இல்லை, ஆரம்பத்தில் ஒன்றும் கேட்கவும் இல்லை. ஐம்பது வயசுக்காரர், முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்திருந்தார், சொல்வதை வாய்க்குள்ளேயே சொன்னார். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாய்க்குள் பேசுகிறவர்கள் மறைக்கிறவர்கள். இப்போதெல்லாம் எல்லாரும் வாய்க்குள்தான் பேசுகிறார்கள். “இதுல கீறல் இருக்கே,” என்றாள். அவர் ஏதோ சொன்னார். “ம்?” என்றாள். “ஃபேக்டரியிலயே அப்படித்தான் மேடம் வரும், மிஷின்ல முடுக்கறாங்க இல்ல,” என்றார், இந்தத் தடவை குனிந்து, அவள் முகத்துக்கு நேராக. பதிலைத் தயாராக வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

அவளுக்கு நல்லதாக ஒன்று வேண்டும், புதன்கிழமைக்குள் வேண்டும். இருபத்தாறு வருஷமாகச் சாட்சி சொல்வதை எழுத்தாக்குவதுதான் அவள் வேலை. முதலில் சுருக்கெழுத்து நோட்டும் பென்சிலும், அப்புறம் டைப்ரைட்டர், அப்புறம் கம்ப்யூட்டர். இப்போது ஓய்வுபெற்ற நீதிபதிகள் கோர்ட்டுக்கு வெளியே, ஏதாவது ஹோட்டலின் மீட்டிங் ஹாலிலோ ஆபீஸ் மாடியிலோ உட்கார்ந்து கேட்கிற கம்பெனி வழக்குகளுக்குப் போகிறாள். வக்கீல் தமிழில் கேட்பார், சாட்சி தமிழில் சொல்வார், அவள் கை அதை இங்கிலீஷில் தட்டிக்கொண்டே போகும். எதிரே இன்னொரு திரையில் நீதிபதி அதைப் படித்துக்கொண்டே வருவார். கை நிற்கக் கூடாது. கை நின்றால் வக்கீல்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். கை நிற்காதவள் என்றுதான் அவளுக்குப் பெயர். ‘பியூலாவைக் கூப்பிடுங்க, ரெண்டாம் தடவை கேக்க மாட்டாங்க’ என்று நீதிபதி சபாநாயகம் சாரே அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னவர்தான் போன மாசம், எல்லார் முன்னாலும், பேனாவை மூடி வைத்துவிட்டு, “அடுத்த வாய்தாவுக்கு ஒழுங்கான கருவியோட வாங்க. இல்லேன்னா நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் எதிர்த்தரப்பு ஜூனியர் வக்கீல் ரோஷன் கைபேசியைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டான். ஏன் குனிந்தான்? அவன்தான் அந்தச் சாட்சி விசாரணை அன்றைக்கு அவளுடைய பழைய ரெக்கார்டரை மேசையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினவன், ஃபைல் வைக்க இடம் வேண்டும் என்று. ஏ.சி. காற்று நேராக வந்து விழுகிற ஓரம். ஃபைல் வைக்க வேறு இடமா இல்லை அந்த நீள மேசையில்?

இருபத்து மூன்றாம் கேள்வி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இறால் ஏற்றுமதி கம்பெனி ஒன்றுக்கும் ஐஸ் கிடங்கு ஒன்றுக்கும் வழக்கு. கிடங்கில் குளிர் நின்றுபோய் சரக்கு அழுகிவிட்டது என்று கம்பெனி சொல்கிறது. வரும்போதே அழுகித்தான் வந்தது, அப்படி எழுதியிருந்த இங்கிலீஷ் காகிதத்தில் உங்கள் ஆளே கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று கிடங்கு சொல்கிறது. கையெழுத்துப் போட்ட ஆள் காத்தவராயன், கம்பெனியின் சூப்பர்வைசர், காசிமேட்டுக்காரர், அறுபதை நெருங்குகிறவர். அன்றைக்கு அவருக்கு இருமல், கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. ‘இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே’ என்றார் கிடங்கின் வக்கீல். பியூலாவின் கை தட்டியது: படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கேள்வி, அதற்கு அடுத்தது, சாயங்காலம் பக்கங்களை அச்செடுத்து அவர் முன்னால் வைத்து, “ஒவ்வொரு பக்கத்துலயும் போடுங்கண்ணே” என்று அவளே பேனா கொடுத்தாள். போட்டார். இங்கிலீஷ் தெரியாதவர், அவள் காட்டிய இடத்திலெல்லாம் போட்டார். பத்து நாள் கழித்துக் கம்பெனி வக்கீல் மனு போட்டார், அவர் சொன்னது ‘படிச்சுத்தான்’ இல்லை, ‘படிக்காமத்தான்’ என்று. அதற்குள் கம்பெனி காத்தவராயனை வேலையை விட்டு நிறுத்திவிட்டது, படித்துவிட்டுத்தானே போட்டாய், எதிரியிடம் என்ன வாங்கினாய் என்று. ஒலிப்பதிவைக் கேட்கலாம் என்றார் சபாநாயகம் சார். போட்டார்கள். ஏ.சி.யின் ர்ர்ர், அதற்கு அடியில் எங்கோ கிணற்றுக்குள் ஓர் ஆள், ‘ப’ என்று ஏதோ, ‘த்தான் கையெழுத்துப் போட்டேன்’ என்று ஏதோ. ஒவ்வொருவருக்கும் அவரவருக்கு வேண்டியது கேட்டது. பியூலாவுக்கு ‘படிச்சு’ கேட்டது. வீட்டில் நாற்பது தடவை போட்டுக் கேட்டாள், நாற்பது தடவையும் ‘படிச்சு’தான். ஆகவே மாற்றிச் சொல்வது காத்தவராயன். வேலை போனதும் கம்பெனி வக்கீல் சொல்லிக்கொடுத்திருப்பார். இல்லையென்றால் ரோஷன் ரெக்கார்டரை நகர்த்தினது ஏன்? ஆனால் ரோஷன் கிடங்குக்காரர்களின் ஆள், ‘படிச்சு’ என்று இருப்பதுதான் அவர்களுக்கு லாபம். அப்படியென்றால் அவனுக்கு நகர்த்த வேண்டிய அவசியமே இல்லையே. இந்த இடத்தில் அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முட்டி நிற்கும், முள்ளில் சிக்கின துணி மாதிரி. இழுத்தால் கிழியும் என்று அங்கிருந்து மெதுவாக விலகி வந்து, தன் லேப்டாப்பின் மேல் பழியைப் போடுவாள். பழசு. அன்றைக்கு நடுவில் இரண்டு தடவை நின்றது. அதுதான்.

“ஃபேன் சத்தம் எப்படி?” என்று கேட்டாள். தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார், கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண்ணும் பார்த்தாள். அந்தப் பெண்ணை அவர் குமுதா என்று கூப்பிட்டார். மகளா, வேலைக்கு இருக்கிறவளா தெரியவில்லை. எதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள்? “எனக்கு லேப்டாப் சத்தமே போடக் கூடாது. ஹாலுல அமைதியா இருக்கும்போது இது உஸ்ஸுன்னா பதிவுல அதுதான் விழும். கீபோர்டு அழுத்தமா இருக்கணும், ஆனா டக்கு டக்குன்னு அடிக்கக் கூடாது. இன்னொரு திரை மாட்ற மாதிரி இருக்கணும். கரண்டு போனா அஞ்சு மணி நேரம் தாங்கணும்.” ஒப்பிப்பது போலச் சொன்னாள். எழுதி வைத்திருந்த தாளை அவரிடம் காட்டவில்லை, எல்லாம் தெரிந்துவிட்டால் ஏமாற்றுவது சுலபம். “என்ன வேலைங்க மேடம்?” என்று இப்போது கேட்டுவிட்டார். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். “கோர்ட்டு வேலை. சாட்சி சொல்றத எழுதறது,” என்றாள். சொன்னதும் அவர் முகத்தில் ஏதோ மாறியது. வக்கீல்களோடு புழங்குகிறவள், ஏமாற்றினால் வழக்குப் போடுவாள் என்று பயந்திருக்கலாம். பயப்படட்டும். அவர் அலமாரியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக, கறுப்பாக ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். “இது மேசை மைக். கையில பிடிக்க வேண்டாம், சட்டையில குத்த வேண்டாம். நடுவுல வச்சா சுத்தி உக்காந்திருக்கற அத்தனை பேரும் விழுவாங்க. நீங்களே பாருங்க.” அதன் வயரை லேப்டாப்பில் செருகினார், திரையில் ஒரு பச்சைக் கோடு துடிக்க ஆரம்பித்தது. “ஓடட்டும். நீங்க பாட்டுக்குக் கேக்கறத கேளுங்க, அப்புறம் போட்டுக் காட்டறேன்.”

அவள் கேட்கவில்லை, தட்டிப் பார்த்தாள். எழுத்துகளின் மேல் விரல் ஓடியது, அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதுவே கொஞ்சம் உறுத்தியது. காட்டுவது ஒன்று, கட்டித் தருவது ஒன்று. எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடியில் ஒட்டியிருந்த சீட்டின் எண்ணைத் தன் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது, ஓரக்கண்ணில், தணிகாசலம் கல்லாவை நோக்கிச் சாய்வது தெரிந்தது. குமுதாவின் உதடு அசைந்தது. அவருடைய முதுகு இந்தப் பக்கம், அதனால் அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. குமுதா எழுந்து உள் அறைக்குப் போனாள். இதோ, இதுதான். கண் முன்னாலேயே. உள்ளே இருந்து வரப்போவதுதான் பழசு. எத்தனை பேர் எத்தனை இடத்தில் இப்படித் தன் எதிரிலேயே தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள், இரண்டு வருஷமாக. வீட்டில் கணவர் ஜெபராஜ் அடுப்படியிலிருந்து ஏதோ சொல்வார், என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். கல்யாணமாகி இருபது வருஷமாக ஊருக்கே கேட்கிற மாதிரி பேசின மனுஷன், ரயில்வே பட்டறைக் குரல், இப்போது போனை எடுத்தால் பால்கனிக்குப் போய்விடுகிறார். கேட்டால், ‘நீ டி.வி.ய அப்படி அலற வச்சா எங்கதான் பேசறது’ என்கிறார். சர்ச்சில் பிரசங்கம் பண்ணுகிற புதுப் பாதிரியார் மைக்கை விழுங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு முணுமுணுக்கிறார். ஆட்டோக்காரர்கள் தொகையைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு ஊரே சேர்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு எதை மறைக்கிறது? அவள் கேட்பதில்லை. கேட்டால் காட்டிக்கொண்ட மாதிரி ஆகும். புரிந்த வரைக்கும் எடுத்துக்கொண்டு மீதியைத் தானே நிரப்பிக்கொண்டு போய்விடுவாள்.

குமுதா இன்னொரு பெட்டியோடு வந்தாள். “இது எதுக்கு? நான் பாத்தது இது,” என்றாள் பியூலா, முதல் லேப்டாப்பின் மேல் கையை வைத்து. அவள் குரலுக்கு வாசலில் போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். தணிகாசலம் பதறவில்லை. “ரெண்டையும் பாருங்க மேடம், பிடிச்சத எடுங்க. முதல்ல இதக் கேளுங்க,” என்று காதை மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றை நீட்டினார். உள்புறத்தைத் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டாள். சந்தின் இரைச்சல் அப்படியே அறுந்து விழுந்தது. அவர் திரையில் ஒன்றை அழுத்தினார். முதலில் அவளுடைய நகம் மேசையில் படுகிற சத்தம், நகத்துக்கு இத்தனை சத்தமா? பேனா தாளில் தேய்வது. தெருவில் ஒருவன் சார்ஜர் சார்ஜர் என்று கூவிக்கொண்டு போவது. அப்புறம் குமுதாவின் குரல், பக்கத்தில் நின்று சொல்வது போல, “ஏண்ணா, இப்பப் பிரிச்சதயே குடுத்துடலாமில்ல?” தணிகாசலத்தின் குரல்: “வேணாம், அந்த மாடலு கொஞ்ச நேரம் ஓடினாலே ஃபேன் சத்தம் போடுது. இவங்க சாட்சி சொல்றத எழுதறவங்க. ஒரு வார்த்தை தப்பாச்சுன்னா எவனோட பொழப்போ பூடும். உள்ள போன வாரம் வந்துச்சே, அத எடு.” காலடிச் சத்தம். ஒரு கதவு. காலடி திரும்பி வருகிறது. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். முடியவில்லை. “அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?” கொஞ்சம் இடைவெளி. “அக்கா? தண்ணி?” மறுபடி இடைவெளி, பேனா தாளில் தேய்கிற சத்தம் மட்டும், அவள்தான், குனிந்து எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் குமுதா, குரலைத் தாழ்த்தி, “கேக்கல போலண்ணா. பாவம். நீங்க கிட்டப் போய்ப் பேசுங்க.”

ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றினால் அந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்க்க வேண்டும். தண்ணி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கிறார்கள், இரண்டு தடவை, நாலடி தூரத்திலிருந்து. மைக்குக்குக் கேட்டிருக்கிறது. மைக் பொய் சொல்லாது, அதை அவர் எப்படித் தயார் பண்ணி வைத்திருக்க முடியும், அந்த நகச் சத்தம் அவளுடையது. அப்படியானால் ஜெபராஜ். அப்படியானால் அந்தப் பாதிரியார், ஆட்டோக்காரர்கள், ஊர். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. தணிகாசலம் குனிந்து முகத்துக்கு நேராக ஏன் பேசினார்? இதுவரை அவர் பேசினதில் எது விளங்கியது? அவர் முகத்தைப் பார்த்தபோது சொன்னது. முதுகைக் காட்டியபோது சொன்னது விளங்கவில்லை. அவள் உதடுகளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள், தனக்கே தெரியாமல், எத்தனை நாளாகவோ. அந்த நினைப்பு அங்கேயே நிற்காமல் நீள மேசைக்கு ஓடியது. இருமல். கைக்குட்டை. காத்தவராயன் நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு பேசினார். உதடு இல்லாத ஒரு வாக்குமூலத்தை அவள் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள், கை நிற்காமல்.

“ஒரு பதிவுல இருக்கற ஏ.சி. சத்தத்த மட்டும் கொறைக்க முடியுமா, இதுல?” என்று கேட்டாள். தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இப்போது தெரியவில்லை. அவர் புது லேப்டாப்பைத் திறந்து, திரையில் ஏறி இறங்கும் பொத்தான்களைக் காட்டினார். இந்தப் பக்கத்தை இறக்கினால் கர்ர் என்கிற அடிச்சத்தம் போகும், அந்தப் பக்கத்தை ஏற்றினால் பேச்சின் மெல்லிய சத்தமெல்லாம் எழும்பும். “என்ன பதிவு மேடம், குடுங்க, நான் சரி பண்ணித் தரேன்.” “இல்ல. இது மத்தவங்க கேக்கக் கூடாது.” அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்து கல்லாப் பக்கம் போய் நின்றார். பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகினாள். இதற்குப் பதிலாக அதைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு, வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடலாம். யாருக்கும் தெரியாது. இந்த மைக்கை மேசை நடுவில் வைத்து, இந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், கண் மூடிக்கொண்டு இன்னும் பத்து வருஷம் எழுதலாம். நல்ல கருவி வாங்கி வந்திருக்கிறாள் என்று சபாநாயகம் சார் சந்தோஷப்படுவார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது, அது எவ்வளவு சுலபம் என்பது. பொத்தானை இறக்கினாள். ஏ.சி. மெதுவாக மூழ்கிப் போனது. மற்றதை ஏற்றினாள். கிணற்றுக்குள் இருந்த ஆள் ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்தார். இருமினார். ‘ப’ என்றார். அதற்கப்புறம், நாற்பது தடவையும் இல்லாத ஒன்று, உதடு மூடித் திறக்கிற ஒரு ‘ம’. படிச்சுத்தான் என்கிற சொல்லில் ‘ம’ எங்கே இருக்கிறது? மறுபடி போட்டாள். மறுபடி. படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பின்னாலேயே இன்னும் ஒன்று வந்தது, அவள் எழுதவே எழுதாதது: “எனக்கு இங்கிலீஷு தெரியாதுங்க.”

ரோஷன், வக்கீல், பழைய லேப்டாப், காத்தவராயன் என்று ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தவளுக்கு, எல்லாரும் எழுந்து போய்விட்ட அறையில் தனியாக இருப்பது போல இருந்தது. அந்த மனுஷனிடம் ‘எதிரியிடம் என்ன வாங்கினாய்’ என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், வீட்டில்கூட. ஹெட்போனைக் கழற்றி, புது லேப்டாப்பையும் மேசை மைக்கையும் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். திருகாணிகளைப் பார்க்கவில்லை. குமுதா பில் போட்டாள். தணிகாசலம் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடுக்கும்போது, “சத்தமாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க,” என்றாள். “ஐய, இந்தத் தெருவுல இதெல்லாம் ஒரு சத்தமா மேடம்,” என்றார் அவர். அவர் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயில் தலையில் இறங்கியது. ஒரு ஜெராக்ஸ் கடையின் தட்டிக்குக் கீழே ஒதுங்கி நின்று, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கைபேசியின் சத்தத்தை முழுசாக வைத்து சபாநாயகம் சாரைக் கூப்பிட்டாள். எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். எடுத்தார். “சார், பியூலா பேசறேன். அந்த இருபத்தி மூணாவது பதில், சார். நான்தான் தப்பா எழுதிட்டேன். பதிவ நல்ல மிஷின்ல போட்டுக் கேட்டேன். படிக்காமத்தான்னுதான் சொல்லியிருக்கார். இங்கிலீஷ் தெரியாதுன்னும் சொல்லியிருக்கார், அத எழுதவே இல்ல.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் ஏதோ பேச்சு வந்தது, நீளமாக. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது. ‘புதன்’ என்பது விளங்கியது, ‘வேற’ என்பது விளங்கியது. மீதியை நிரப்பிக்கொண்டு சரி சார் என்று சொல்ல வாய் பழக்கத்தில் திறந்தது. திறந்த வாயோடு ஒரு கணம் நின்றாள்.

“சார், எனக்கு விளங்கல. எனக்குக் காது சரியாக் கேக்கல சார். கொஞ்ச நாளாவே. மெதுவா, இன்னொரு தடவ சொல்லுங்க.”

ஜெராக்ஸ் எடுக்கிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சபாநாயகம் சார் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார், அவர் தீர்ப்புச் சொல்லும்போது அவள் எழுதுவதற்கு வசதியாக நிறுத்துவாரே, அந்த மாதிரி. “இதெல்லாம் எழுத்துல குடுங்க. புதன்கிழமை காத்தவராயனத் திரும்பக் கூப்பிடறேன். அன்னிக்கு எழுத வேற ஆள வச்சுக்கறேன், பியூலா. நீங்க வரணும். ஆனா எழுத இல்ல. நடந்தத என் முன்னால சாட்சியாச் சொல்லணும்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய நாற்காலியில் வேறு ஒருத்தி உட்காருவாள். வக்கீல்கள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள், எத்தனை நாளாகக் கேட்கவில்லை, இதற்கு முன் எத்தனை வழக்கில் இப்படி எழுதினீர்கள் என்று. அவள் சொல்லச் சொல்ல அந்த ஒருத்தியின் கை தட்டிக்கொண்டே போகும். காத்தவராயன் எதிரே உட்கார்ந்திருப்பார்.

“வரேன் சார்,” என்றாள். “எத்தன மணிக்கு?”

அவர் சொன்னார். பத்தரை என்பது போலவும் இருந்தது, பத்து என்பது போலவும் இருந்தது.

“பத்தா, பத்தரையா சார்?”

“பத்தரை,” என்றார் அவர், எழுத்து எழுத்தாக.